பாடி: தரங்கம்பாடியின் பின்பாதி

தரங்கம்பாடிக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு விளக்கம் தயாராகக் காத்திருக்கிறது. தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது. ஆகவே அலைகள் பாடும் ஊர். சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்லிச் சொல்லி ஊரின் இரண்டாம் பெயராகவே ஆக்கிவிட்டன. கோடை விடுமுறையில் அம்மா, தங்கை, அவள் பிள்ளைகளோடு போயிருந்தோம். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜா வீதி வழியே நடந்து, டேனிஷ் கோட்டையின் மேல்தளத்தில் கடலைப் பார்த்து நின்றபோது தங்கை மகள் சொன்னாள்: "மாமா, அலை பாடலையே, இரையுதுல்ல?" அவள் சொன்னதுதான் சரி. கடல் இரைவதாகத்தான் கரையில் இருப்பவர்களும் சொல்வார்கள்.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது; முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கோயில் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன் பட்டினம் என்றும் இரண்டு பெயரால் குறிக்கிறது. அலையும் இல்லை, பாட்டும் இல்லை. சடங்கன் என்பது ஆளின் பெயர் என்றே நினைக்கிறேன். வேதத்தின் ஆறு அங்கங்களையும் கற்றவரைக் குறிக்கும் சொல் அது. சுந்தரர் கதையில் வரும் சடங்கவியாரின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்.

பாடிக்குப் பொருள் குடியிருப்பு. இந்தச் சொல் போய்வந்த தொலைவு பெரிது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியை மாதரி அழைத்துப்போய்த் தங்கவைப்பது மதுரைக்குப் புறத்தே இருந்த ஆயர்பாடியில். ஆண்டாளின் திருப்பாவை முதல் பாட்டிலேயே ஆய்ப்பாடி வந்துவிடுகிறது. மாடும் மனிதரும் சேர்ந்து தங்கும் இடம் என்ற இந்தப் பொருளோடு, படை தங்கும் இடத்துக்கும் அதே சொல் நின்றது. பாசறையைப் பாடிவீடு என்றார்கள். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் வருகிறது. ஊரைக் காவல் காப்பதும், அதற்காக மக்களிடம் வாங்கிய வரியும் அந்தப் பெயரில்தான் நடந்தன. ராஜராஜன் மெய்க்கீர்த்தியைப் படித்தால் வியப்பு இன்னும் கூடும். அவன் வென்ற நாடுகளின் வரிசையில் கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, இரட்டபாடி ஏழரை இலக்கம் என்று வருகின்றன. பத்து மாட்டுக் கொட்டில்களுக்கு நின்ற சொல்லே கர்நாடகத்துப் பெருநாடுகளுக்கும் நின்றிருக்கிறது. கன்னடத்தில் அது கங்கவாடி, நொளம்பவாடி. இன்றைக்கும் வயநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பாடி என்றுதான் பெயர்.

பொருள் மங்கியதும் ஊர்ப்பெயருக்குள் பாட்டு நுழைந்துவிடும். வாணியம்பாடிக்கும் இதே கதை உண்டு. அங்கே வந்து பாடியவள் கலைவாணி. எண்ணெய் ஆட்டும் வாணியர் குடியிருப்பு என்று சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடுகிறது. காட்பாடிக்கு யாரும் பாட்டுக் கதை கட்டவில்லை. காட்டைப் பாடவைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

சடங்கன் தரங்கமானது 17-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து, ஓவே கெட்டே தலைமையில் டேனியர் நாங்கள் ஏறி நின்ற டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் காதில் விழுந்த பெயர் டிராங்கிபார். முன்பாதியில் தரங்கம் அப்படியே தெரிகிறது. பின்பாதியில் நம் 'டி' அவர்கள் நாவில் 'ர்' ஆகியிருக்கிறது. தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும் இதே வழியில்தான்.

குலசேகரன் பட்டினம் மட்டும் எங்கே போனது? பட்டினம் என்றால் கப்பல் வரும் ஊர், சுங்கம் வாங்கும் ஊர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய நூலுக்குப் பட்டினப்பாலை என்றே பெயர். அரசர்கள் துறைமுகங்களுக்குத் தங்கள் பெயரைச் சூட்டிப் பட்டினம் என்று அழைத்ததற்குச் சான்றுகள் நிறைய. பட்டினம் என்று முடியும் பெயர்களில் நாகப்பட்டினம் போன்ற சில நிலைத்தன. இங்கே பாண்டியன் பெயர் கல்லோடு நின்றுவிட்டது. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் கரையில் குடியிருந்தவர்கள் தங்கள் ஊரைப் பாடி என்றே சொல்லியிருக்கிறார்கள். கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும் அந்தப் பாடியில்தான். அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்ததும், 1845-இல் டேனியர் ஊரைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனதும் அதே பாடியில்தான். டிராங்கிபார் இப்போது பெரும்பாலும் விடுதிப் பலகைகளிலும் வரலாற்று நூல்களிலும்தான் இருக்கிறது.

அலைகள் பாடும் ஊர் என்ற பெயர் அழகுதான். அதை யாரும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில், டேனியர் விட்டுப்போன பொருள்களுக்குப் பக்கத்தில், சடங்கன்பாடி என்ற பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டின் படி ஒன்றையும் உடன் வைத்தால், கூட வரும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பார்கள்.