டொப்பென்று விழுந்த ட்ரேயும் கொஞ்சம் உராய்வும்

சில வருஷங்களுக்கு முன்னாடி அம்மாவை முதல் தடவையாக விமானத்தில் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையிலிருந்து தில்லி. ஜன்னல் சீட்டு அவங்களுக்கு, நடு சீட்டு எனக்கு. ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் முன் சீட்டு முதுகில் மடக்கி வைத்திருந்த சாப்பாட்டு ட்ரே டொப்பென்று அம்மா முழங்காலில் விழுந்தது. மடக்கி, அந்தச் சின்னத் திருகு லாட்சைத் திருப்பி வைத்தேன். அதிர்வில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திரும்பி, மறுபடியும் டொப்.

மேலே போனதும் பணிப்பெண் வந்து பார்த்து, "ஸாரி மேடம்" என்று ஒரு டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். தரையிறங்கும்போது டேப்பும் பிய்ந்துகொண்டது. கடைசிப் பத்து நிமிஷம் அம்மா உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாங்க. இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, இவ்ளோ பெரிய ப்ளேனைப் பறக்க விடறாங்க, இந்தச் சின்னத் திருகு நிக்க மாட்டேங்குதா?"

நானும் மெக்கானிக்கல் படித்தவன்தான். பதில் தெரியவில்லை. ஊர் திரும்பினதும் தேட ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் 300 வருஷத்துக்கு முந்தின ஆட்களாகவே இருந்தார்கள்.

முதல் ஆள் பிரான்ஸின் கியோம் அமோந்தோன். சின்ன வயசிலேயே காது கேட்காமல் போனவர். 1699-ல் பாரிஸ் அகாடமியில் உராய்வு பற்றி ஒரு கட்டுரை வைத்தார். சாரம் இரண்டே விஷயம். உராய்வு, மேலிருந்து அழுத்தும் எடைக்கு ஏற்ப ஏறும். தொடும் பரப்பு சின்னதா பெரிதா என்பது கணக்கே இல்லை. இரண்டாவதை அகாடமிக்காரர்களால் ஜீரணிக்க முடியவில்லை. லா இர் என்ற இன்னொரு உறுப்பினர் தனியாகச் சோதனை செய்து பார்த்து, ஆமாம் சரிதான் என்றார். (லியனார்டோ டாவின்சி இதையே 200 வருஷம் முன்னால் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். யாரிடமும் காட்டாததால் பேர் அமோந்தோனுக்குப் போய்விட்டது. எழுதினால் வெளியிட்டுவிட வேண்டும் மக்களே :-))

அடுத்தவர் கூலும். மின்சாரப் பாடத்தில் வருவாரே, அவரேதான். ராணுவ எஞ்சினியர். ரோஷ்ஃபோர் கடற்படைத் துறைமுகத்தில் கயிறு, மரம், உலோகம் என்று எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்து 1781-ல் அகாடமியின் பரிசை வாங்கினார். இவர் சேர்த்த முக்கியமான சங்கதி, ஒரு பொருளை நகர்த்த ஆரம்பிக்கத்தான் அதிக விசை வேண்டும், நகர ஆரம்பித்ததும் குறைந்துவிடும். ரொம்ப நேரம் சும்மா கிடந்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

சீட்டில் தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் காது மாதிரி மடிக்கிற ஹெட்ரெஸ்ட் பார்த்திருப்பீர்கள். அதை மடக்கும்போது முதலில் அசையவே அசையாது, அப்புறம் திடுக்கென்று வழுக்கும். அங்கே இருப்பது கூலும்தான்.

இந்தக் காது, தலைக்கு மேல் காற்று விடும் திருகு, சாய்த்துப் பார்க்கும் டிவி திரை, இதெல்லாம் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். பல் வைத்தால் நாலைந்து இடத்தில்தான் நிற்கும். மோட்டார் வைத்தால் எடை, செலவு, ரிப்பேர். உராய்வுக்கு மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஆனால் இத்தனூண்டு கீலில் அவ்வளவு பிடிப்பை எப்படிக் கொண்டுவருவது?

அமோந்தோன் சொன்னபடி பரப்பைப் பெரிதாக்கிப் பிரயோஜனம் இல்லை. ஒரே போல்ட்டில் வட்டத் தகடுகளை அடுக்கினால்? ஒரே அழுத்தம் எல்லாத் தகடு வழியாகவும் போகும். ஒவ்வொரு ஜோடி முகமும் தன் பங்கு உராய்வைத் தரும். ஆறு முகம் என்றால் ஆறு மடங்கு! இதைக் காசாக்கினவர் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய உராய்வு ஷாக் அப்சார்பரை எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் 1904 வாக்கில் கார்களில் மாட்டினார். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை, சேரும் இடத்தில் தகடு அடுக்கு, நடுவில் ஒரு போல்ட். போல்ட்டை முறுக்கினால் வண்டி விறைப்பு, தளர்த்தினால் தொளதொளப்பு.

இதில் ஒரே தலைவலி தேய்மானம். தகடு ஒரு மயிரிழை தேய்ந்தாலும் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். அதற்கும் மருந்து முன்பே இருந்தது. டன்கிர்க் ஊர்க்காரர் பெல்வில் 1867-ல் காப்புரிமை வாங்கிய வாஷர். காபி சாஸர் மாதிரி குழிந்திருக்கும், ஆனால் கெட்டியான ஸ்பிரிங். தகடு தேயத் தேய இது விரிந்துகொடுத்து அழுத்தத்தைக் காப்பாற்றும். இன்றைய உராய்வுக் கீல்கள் பலவற்றைப் பிரித்தால் இந்தச் சாஸர்களைப் பார்க்கலாம். அம்மாவின் லாட்சில் தேய்ந்ததை ஈடுகட்ட இப்படி எதுவும் மிச்சமில்லை போல.

விமானத்துக்குள் அழகாக வேலை செய்த இன்னொன்று ஆங்கிள்பாய்ஸ் விளக்கு. கார் சஸ்பென்ஷன் வடிவமைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கார்வர்டைன் 1930-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. எடையை ஸ்பிரிங்குகள் சுமக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு வேலைதான் மூட்டின் உராய்வுக்கு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் நேவிகேட்டரின் மேசையில் இது இருந்தது. அந்தக் குலுக்கலிலும் வைத்த இடத்தில் நின்றது.

ஆனால் குலுக்கல் வேறு, மோதல் வேறு. உராய்வுக் கீலுக்கு ஒரு வரம்பு டார்க்தான் உண்டு. அது நிலைமையைப் பார்த்துக் கூடாது. ட்ரே ஒரு கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கச் சுமார் 1.2 நியூட்டன் மீட்டர் போதும். பெரிய பயணி விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.561, அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி 9 ஜி வரை கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அப்போது அதே ட்ரேக்குக் கிட்டத்தட்ட 10.6 வேண்டும். அவ்வளவு இறுக்கமாகக் கீலைச் செய்தால் அம்மாவால் ட்ரேயைத் திறக்கவே முடியாது. அதனால்தான் மென்மையாக அசைய உராய்வு, விழாமல் இருக்கத் தனியாக லாட்ச் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

1989 ஜனவரி 8-ம் தேதி இங்கிலாந்தில் கெக்வொர்த் பக்கத்தில் பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737-400 ஒன்று நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். நல்ல எஞ்சினைத் தவறுதலாக அணைத்தது தனிக் கதை. உள்ளே தலைக்கு மேலிருந்த சாமான் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே பிய்ந்து பயணிகள் மேல் விழுந்திருந்தன. பெட்டியை விமானத்தோடு பிணைத்த இணைப்புகள் தாங்கவில்லை. அதை வாசித்த பிறகு பெட்டி மூடும் 'க்ளிக்' சத்தத்தை நான் அலட்சியமாகக் கேட்டதில்லை.

இறங்கும்போது ட்ரேயை மடக்கச் சொல்வதும் இதனால்தான். ஆட்களை 90 விநாடிக்குள், பாதிக் கதவுகள் வழியாகவே வெளியேற்ற முடியும் என்று பெரிய விமானங்களுக்கு நிரூபித்தாக வேண்டும். திறந்து தொங்கும் ஒரு ட்ரே ஜன்னல் சீட்டுக்காரரை அங்கேயே அடைத்துவிடும். அன்றைக்கு அந்த ஜன்னல் சீட்டில் இருந்தது அம்மா. நான் டேப் ஒட்டினதும் சும்மா இருந்துவிட்டேன். சீட்டு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதையெல்லாம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். தகடு அடுக்கு வரைக்கும் பொறுமையாகக் கேட்டாங்க. "அதான் நம்ம வீட்டு இடுக்கி மாதிரி, நடு ஆணி லூசானா பாத்திரம் நிக்காது" என்றாங்க. போன வருஷம் மறுபடி ஒரு பயணம். பெல்ட் போடுவதற்கு முன்னாடியே முன் சீட்டு லாட்சை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாங்க. "இது டைட்டா இருக்குடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாங்க.