கோலிச் சோடாப்புட்டியும் காலத் துணிபும்

நாட்டுப்புறத் தோட்டங்களிலும் பழங்கிணற்றின் அருகிலும் நிலத்தைக் கிளறுங்கால், கழுத்து நெரிந்த தடித்த கண்ணாடிப் புட்டிகள் கிடைப்பதுண்டு. இவற்றைக் கண்டவுடன் ‘வெள்ளையர் காலத்தவை’ எனத் துணிந்து, உடன்கிடைத்த பானையோட்டுச் சில்லுகளுக்கும் அக்காலமே கூறுதல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வடிவின் மேலெல்லை தெளிவானது. இங்கிலாந்தினரான ஹைரம் காட் 1872இல் இதற்கு உரிமம் பெற்றார். உள்ளடங்கிய வளியின் அழுத்தம் கோலியை வாயிலுள்ள இரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைக்கும். ஆயின், கீழெல்லையை இவ்வடிவம் காட்டமாட்டாது. மேனாட்டில் இஃது அருகிய பின்னரும் இந்தியாவில் தொடர்ந்து செய்யப்பட்டு வருகின்றது.

அச்சின் இணைப்புக் கோடு காலத்தைக் காட்டும் என்பர். கோடு வாய்க்குக் கீழே மறையின் கையால் முடித்தது. வாய்விளிம்புவரை ஏறின் பொறியாற் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் பொறி 1903ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருப்பெற்றது. இவ்விதி கோலிப்புட்டிக்கு அப்படியே பொருந்தாது. கோலியை உள்ளிட்ட பின்னரே வாய் சுருக்கி முடிக்கப்படுதலின், கோடு அங்கே அழிந்துவிடும். பிற்காலத்ததும் முற்காலத்தது போலத் தோன்றும். மேற்பரப்பில் மின்னும் வானவில் நிறமோ மண்ணின் ஈரத்தால் விளைவது, ஆண்டினை அளப்பதன்று.

புட்டியில் தமிழெழுத்துப் புடைத்திருப்பின் அதுவே சிறந்த சான்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்பவற்றின் சீர்திருத்த வடிவங்களைப் பெரியார் 1935இல் தம் இதழிற் கையாண்டார். தமிழக அரசு 1978இல் அவற்றை ஏற்றது. ஆகவே, சீர்திருத்த வடிவுடைய புட்டியை 1935க்கு முற்பட்டதெனக் கொள்ளுதல் அரிது. பழைய வடிவு அத்துணை உறுதி தாராது. பழைய அச்சு 1978க்குப் பின்னும் வழங்கியிருத்தல் கூடும்.

இன்னுமொன்று: சோடாப்புட்டி கடைக்கு மீண்டு பன்முறை நிரப்பப்படுவது. ஆதலின் செய்த காலம் வேறு. புதைந்த காலம் வேறு. புட்டி தரும் மேலெல்லை அது கிடந்த மண்ணடுக்குக்கும் மேலெல்லையே. அதற்குமேல் ஒன்றும் கூறாது. இவ்வேறுபாட்டை மறப்பின், அண்மைக்காலச் சில்லுகளுக்கும் இல்லாத பழமையை ஏற்றிவிடுவோம். புட்டியைக் கழுவுமுன் அது கிடந்த இடம், ஆழம், உடன்கிடந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் ஆய்வாளர் கடனாகும்.