இஃப் ஐ டை, ஐ டை (இசைத்தொகுப்பு)

'இஃப் ஐ டை, ஐ டை' என்பது அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த விர்ஜின் புரூன்ஸ் இசைக்குழு 1982ஆம் ஆண்டு வெளியிட்ட முழுநீள இசைத்தொகுப்பு ஆகும். 'செத்தால் சாகிறேன்' என்பது தலைப்பின் பொருள். ரஃப் டிரேட் நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பு போஸ்ட்-பங்க் வகையைச் சேர்ந்தது. பங்க் இசையின் சீற்றத்தை வைத்துக்கொண்டு, அதன் எளிய அமைப்பை உடைத்துப் பார்த்த போக்கு இது.

வடக்கு டப்ளினில் பதின்வயது நண்பர்கள் சிலர் 'லிப்டன் வில்லேஜ்' என்றொரு கற்பனைக் கிராமத்தை உருவாக்கி, ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சூட்டிக்கொண்டனர். ஃபியோனான் ஹான்வி, கேவின் ஃபிரைடே ஆனார். டெரெக் ரோவன், குகி ஆனார். பால் ஹ்யூசனுக்குக் கிடைத்த பெயர் போனோ. இக்கூட்டத்திலிருந்தே யூ2, விர்ஜின் புரூன்ஸ் ஆகிய இரு குழுக்களும் வளர்ந்தன. உறவும் உண்டு: விர்ஜின் புரூன்ஸின் கித்தார் கலைஞர் டிக் எவன்ஸ், யூ2 குழுவின் எட்ஜ் என்பவருடைய அண்ணன்.

அன்றைய அயர்லாந்தை அறியாமல் இக்குழுவின் துணிவை அளவிட முடியாது. மணமுறிவை அரசியலமைப்பே தடுத்திருந்தது. அத்தடை நீங்க 1995இல் பொதுவாக்கெடுப்பு தேவைப்பட்டது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி கருத்தடைச் சாதனம் வாங்கவும் மருத்துவர் சீட்டு வேண்டும். ஆண்களுக்கிடையேயான பாலுறவு 1993 வரை குற்றம். அத்தகைய நாட்டில் ஃபிரைடேயும் குகியும் முகப்பூச்சுடன், பெண்களின் உடையில் மேடையேறினர். பார்வையாளரைச் சங்கடப்படுத்துவதே அவர்களது நோக்கம். வெறும் வேடிக்கை என்று இதை ஒதுக்கியவர்கள், அந்தச் சங்கடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தவறினர்.

இசைத்தட்டில் வேடமும் இல்லை, மேடையும் இல்லை. அப்படியானால் நாடகம் எங்கே போகும்? அது குரல்களுக்குள் போயிற்று. வயர் குழுவின் காலின் நியூமன் தயாரித்த இத்தொகுப்பில் ஃபிரைடேயின் அழுத்தமான குரலும் குகியின் மெல்லிய, கூர்மையான குரலும் ஒன்றையொன்று துரத்துகின்றன. டேவ்-ஐடி பூசாரஸ் மூன்றாவது குரலாக இடையில் நுழைகிறார். பாடகர்கள் பாத்திரங்களாகவே பேசுகின்றனர், முணுமுணுக்கின்றனர், கத்துகின்றனர். 'ஸ்வீட்ஹோம் அண்டர் ஒயிட் கிளவுட்ஸ்' பாடலில் தாளம் மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஒலித்து மூட்டம் போட்ட உணர்வைத் தருகிறது. 'பேபி டர்ன்ஸ் புளூ' அதற்கு நேர்மாறு. ஆடத் தூண்டும் வேகம் கொண்டது. தனி இசைத்தட்டாகவும் வெளிவந்த பாடல் இது. 'காகேசியன் வாக்' முரட்டுத்தனமானது. எல்லாக் காதுகளுக்கும் உகந்தது எனச் சொல்ல இயலாது.

ஒரே கூட்டத்தில் பிறந்த யூ2 பெரும் அரங்குகளை நிரப்பியது. விர்ஜின் புரூன்ஸோ சிறு வட்டத்திற்குள்ளேயே நின்றது. குகியும் டிக் எவன்ஸும் 1984இல் விலகினர். ஃபிரைடே 1986இல் விலகிய பின் குழு ஓய்ந்தது. குகி ஓவியரானார். ஃபிரைடே தனிப்பாடகராகவும் திரைப்பட இசையமைப்பாளராகவும் தொடர்ந்தார். 1993இல் வெளிவந்த 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தின் பாடல்களில் அவர் போனோவுடன் மீண்டும் இணைந்தார்.