முற்றத்து ஒளியும் பின்திரையும்: பமாக்கோ நகரின் ஆடையணி உருவப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொண்டுள்ளனர். ஒரு சாரார் கருவிகளின் வளர்ச்சியை ஆண்டு வரிசையில் கூறிச் செல்வர். மறு சாரார் மேதைகள் எனத் தாம் கருதும் சிலரின் பெயர்களைத் தொடுத்துச் செல்வர். ஒரு படத்தை எடுப்பதற்கு என்ன செலவாயிற்று, அச்செலவை யார் ஏற்றனர் என்ற வினா இவ்விரு வழிகளிலும் விடுபட்டுப் போகின்றது. ஆடையணியை முதன்மைப்படுத்தும் உருவப்படங்களின் வரலாற்றில் இக்குறை மிகத் துலக்கமாகத் தெரிகின்றது. இத்துறை பற்றிய நூல்கள் பாரிசிலும் நியூயோர்க்கிலும் வெளியான சஞ்சிகைகளின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. தன் கைப்பணத்தைக் கொடுத்து, தான் தைப்பித்த ஆடையுடன் கமராவின் முன் அமர்ந்த சாதாரண மனிதன் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. மேற்கு ஆபிரிக்காவின் பமாக்கோ நகரில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு சிறு ஸ்ரூடியோவை எடுத்துக்கொண்டு, ஒளியையும் வில்லையையும் தெரிவு செய்வதில் செலவு வகித்த பங்கினை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

செலவுக்கும் உருவப்படத்துக்கும் உள்ள தொடர்பு பமாக்கோவில் தோன்றியதன்று. டாகேரின் முறை 1839இல் அறிவிக்கப்பட்டபோது அதனுடன் வழங்கிய வில்லை ஏறத்தாழ எஃப் 15 அளவினதாகையால் வெயிலிலும் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசெப் பெற்ஸ்வால் 1840இல் வகுத்த வில்லை எஃப் 3.6 அளவினது, முன்னையதிலும் பதினாறு மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உட்புகவிட்டது. உருவப்படம் ஒரு தொழிலாக நிலைபெற்றது இதன் பின்னரே எனலாம். எனினும் விலை குறைந்தது வேறொருவரால். 1854இல் பாரிசைச் சேர்ந்த டிஸ்டெரி, ஒரே தட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படம் முகவரி அட்டையளவுக்குச் சுருங்கியது. அவ்வளவில் முகம் ஒரு புள்ளியாகிவிட, முழு உருவத்தையும் நிற்கவைத்து எடுக்கும் வழக்கம் பரவியது. முழு உருவம் என்றால் ஆடை என்று பொருள். மலிவு விலைப் படமே ஆடையை முன்னுக்குக் கொண்டுவந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனிப் பமாக்கோவுக்கு வருவோம். இன்று மாலி எனப்படும் நாடு அக்காலத்தில் பிரெஞ்சுச் சூடான் என்ற பெயருடன் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கீழிருந்தது. அதன் தலைநகரான பமாக்கோவை டாக்கார் துறைமுகத்துடன் புகைவண்டிப் பாதை இணைத்தது. செய்டு கெயிற்றா இந்நகரில் 1921ஆம் ஆண்டளவிற் பிறந்தார். தளபாடம் செய்யும் தந்தையிடம் தச்சுத் தொழில் பயின்ற அவருக்கு, 1935இல் செனகலிலிருந்து திரும்பிய சிறிய தந்தையார் ஒரு கொடாக் கமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். படம் எடுப்பதையும் கழுவுவதையும் நகரில் ஒளிப்படப் பொருட்கடை வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்தும், ஆசிரியராகவும் படப்பிடிப்பாளராகவும் விளங்கிய மவுன்ராகா டெம்பெலேயிடமிருந்தும் கற்றுக்கொண்டார். 1948இல் புகைவண்டி நிலையத்துக்கும் சிறைச்சாலைக்கும் அண்மையில் தமது குடும்பத்துக்குரிய இடத்தில் ஸ்ரூடியோவை ஆரம்பித்தார். வண்டியில் வந்திறங்குவோர் அவருக்கு வாடிக்கையாளராயினர்.

கெயிற்றா மின்விளக்கைப் பயன்படுத்தியதுண்டு. ஆயினும் அவர் விரும்பியதும் பெரும்பாலும் பயன்படுத்தியதும் முற்றத்துப் பகலொளியையே. மின்னொளிக்குக் குமிழ் வேண்டும், தாங்கி வேண்டும், மின்சாரக் கட்டணம் வேண்டும். பகலொளிக்கு இவை எவையும் வேண்டியதில்லை. இக்காரணம் வெளிப்படையானது. எனினும் பகலொளி இலவசமானது என்பதால் எளிதானது என்று கொள்ளலாகாது. ஐரோப்பியக் கைந்நூல்கள், ஸ்ரூடியோவின் சாளரம் வடக்கு நோக்கியிருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. பாரிசிலும் இலண்டனிலும் நண்பகற் சூரியன் என்றும் தென்புறமே நிற்பதால் வடக்குச் சாளரத்தின் வழியே வானத்தின் மென்மையான ஒளி மட்டுமே உள்ளே வரும். பமாக்கோவோ வட அகலக்கோடு பன்னிரண்டரைப் பாகையளவில் உள்ளது. அங்கு ஏப்ரல் பிற்பகுதி முதல் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் வடபுறமே நிற்கின்றான். (யாழ்ப்பாணத்தின் நிலையும் இதனின்றும் பெரிதும் வேறன்று. வடக்குச் சாளர விதியை நம் நாட்டிலும் அப்படியே ஒப்புவிப்போர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.) ஆகவே வெப்பவலயத்தில் திசையை நம்பிப் பயனில்லை; நிழலையே நம்ப வேண்டும். நேர்வெயில் படாததும், ஆனால் வானம் திறந்திருப்பதுமான முற்றத்து நிழலில் ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து விழுகின்றது. சுற்றுச் சுவர்கள் அதனை மேலும் பரப்புகின்றன.

இவ்வொளி ஆடையணிப் படத்துக்கு ஏன் பொருந்திற்று என்பதை நோக்குதல் வேண்டும். உச்சி வெயிலில் புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். கரிய மேனியும் வெண்ணிறத் தளராடையும் ஒரே படத்தில் வரும்போது சிக்கல் இரட்டிப்பாகின்றது. மேனிக்கு ஏற்ப ஒளியை அளந்தால் ஆடை வெளிறிவிடும்; ஆடைக்கு ஏற்ப அளந்தால் முகம் இருளில் மூழ்கிவிடும். மென்னிழலில் இவ்விரண்டுக்குமிடையிலான ஏற்றத்தாழ்வு குறைவதால் துணியின் மடிப்பும் முகத்தின் வளைவும் ஒருங்கே பதிவாகின்றன. சிறிது பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியாயின் நெசவின் இழையும் சரிகையின் மேடும் புலப்படும். கமராவின் மீதே பொருத்திய பிளாஷ் ஒளி இவற்றைத் தட்டையாக்கிவிடும். கெயிற்றாவின் படங்களில் காதணியும் கழுத்தணியும் விரலிலுள்ள மோதிரமும் தனித்தனியே எண்ணத்தக்கவையாக இருப்பதற்கு அவரது கண்ணுக்கு அடுத்தபடியாக இம்முற்றத்து நிழலே காரணம்.

வில்லையைப் பொறுத்தவரை ஒரு பொதுக் கருத்துப் பிழையை முதலில் நீக்குதல் நன்று. முகத்தை உருக்குலைப்பது வில்லையன்று, தூரமே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். 60 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று படமெடுத்தால் மூக்கு காதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெருத்துத் தோன்றும். இரண்டு மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கினால் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஆறாகக் குறைந்துவிடும். நெடுங்குவிய வில்லை உருவப்படத்துக்கு ஏற்றதெனப் புகழப்படுவது, அது நம்மைப் பின்வாங்கச் செய்வதாலேயே. முழு உருவத்தையோ முழங்கால் வரையிலான உருவத்தையோ எடுப்பவன் எந்த வில்லையாயினும் பின்வாங்கித்தான் நிற்கவேண்டும். ஆடையைக் காட்ட விரும்பிய வாடிக்கையாளரின் விருப்பமே முகத்தின் அளவொழுங்கையும் காப்பாற்றிற்று. விலையுயர்ந்த வில்லை இங்கு அவசியமாகவில்லை.

கெயிற்றா பயன்படுத்திய கமரா 13க்கு 18 சென்ரிமீற்றர் அளவான நெகற்றிவைத் தந்தது. இத்தெரிவும் செலவுக் கணக்கோடு தொடர்புடையது. நெகற்றிவைத் தாளின் மேல் நேரே வைத்து அச்சிட்டால் வாடிக்கையாளர் கையிற் கொடுக்கத்தக்க அளவில் படம் கிடைத்துவிடும். உருப்பெருக்கும் கருவி வேண்டியதில்லை. பெருக்கப்படாத படத்தில் இழையும் குறையாது. ஆனால் பெரிய நெகற்றிவ் ஒவ்வொன்றும் விலையுடையது. அதனால் ஒருவருக்கு ஒரு முறைதான் படம் எடுப்பது அவரது வழக்கம். இன்று நூறு படம் எடுத்து ஒன்றைத் தெரிவு செய்வோர் செய்யும் வேலையனைத்தையும் அவர் எடுப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியிருந்தது. தலையை எப்பக்கம் சாய்ப்பது, கையை எங்கு வைப்பது, பாவாடை விளிம்பை எவ்வளவு விரிப்பது என்பனவெல்லாம் மூடி திறப்பதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டன. அவரது படங்களில் காணப்படும் அமைதிக்கு ஆபிரிக்க ஆன்மா என்பது போன்ற விளக்கங்களைத் தேடுவோர் இக்கணக்கையும் பார்த்தல் நலம்.

பின்திரை பற்றித் தனியே கூறவேண்டும். அவரது முதலாவது பின்திரை அவரது கட்டில் விரிப்பேயாகும். பின்னர் பூவேலையும் இலைவேலையும் கொண்ட துணிகளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மாற்றினார். உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டப் பின்புறத்தை மங்கச் செய்க என்பது பாடநூல் விதி. இங்கோ திரை உருவத்தை ஒட்டியே தொங்குவதால் அதன் பூக்கள் தெளிவாகத் தெரிகின்றன. அப்பூக்களின் முன் இன்னொரு பூவேலை உடை, அதன் கீழ் கட்டமிட்ட விரிப்பு. சிறந்த படங்களில் இவை ஒன்றோடொன்று பொருதுகின்றன. முகமும் கைகளும் மட்டுமே வேலைப்பாடற்ற இடங்களாக எஞ்சுகின்றன. பார்ப்பவன் கண் அங்கேயே போய்ச் சேர்கின்றது. மங்கலாக்காமலே பிரித்துக் காட்டும் இவ்வழி, என் கருத்தில், பாடநூல் வழியிலும் நுட்பமானது. வரலாற்று மாணவருக்கு இத்திரைகளால் வேறொரு பயனும் உண்டு. ஆண்டு எழுதப்படாத நெகற்றிவ்களின் காலத்தைக் கெயிற்றா திரையைக் கொண்டே பிற்காலத்தில் நிர்ணயித்தார். கந்தரோடையில் தொல்லியலாளர் மட்கல ஓடுகளைக் கொண்டு காலங்காண முயல்வதற்கு இது ஒப்பானது.

ஸ்ரூடியோவில் ஐரோப்பியக் கோட்டும் கழுத்துப்பட்டியும் தொப்பியும் வாடிக்கையாளர் உபயோகத்துக்கென இருந்தன. கைக்கடிகாரம், பேனை, வானொலிப் பெட்டி ஆகியவற்றையும் படங்களிற் காண்கின்றோம். சிலர் அவரது காரின் அருகே நின்றும் படமெடுத்துக்கொண்டனர். இவற்றைப் போலிமை என்றும், ஆள்வோரைப் பின்பற்றும் அடிமை மனப்பான்மை என்றும் கூறிவிடுதல் எளிது. அக்குற்றச்சாட்டில் உண்மை முற்றாக இல்லையென்று கூறமுடியாது. ஆயினும் அதே ஸ்ரூடியோவில் மரபுவழித் தளராடையும் தலைக்கட்டும் பொன்னணிகளும் அணிந்த பெண்கள் எவ்விதக் கூச்சமுமின்றி அமர்ந்திருக்கின்றனர். குடியேற்ற ஆட்சியாளரின் கமரா இம்மக்களை ‘இனவகை மாதிரி’களாக, பெயரும் விருப்பமுமற்றவர்களாகப் பதிவுசெய்த காலம் அது. எதனை உடுப்பது, எதனைக் கையில் ஏந்துவது என்று தாமே தீர்மானித்துப் பணம் கொடுத்தவர்களின் படம் அதற்கு நேர்மாறானது. வெண்ணிறக் கோட்டணிந்து, மூக்குக்கண்ணாடியுடன் ஒற்றைப் பூவை ஏந்தி நிற்கும் இளைஞனின் படம் 1959ஆம் ஆண்டுக்குரியது. மாலி சுதந்திரம் பெற்றது அடுத்த ஆண்டில்.

கெயிற்றா ஸ்ரூடியோ திறந்த அதே 1948இன் டிசெம்பரில், ‘வோக்’ சஞ்சிகையின் படப்பிடிப்பாளரான இர்விங் பென் பெரு நாட்டின் கூஸ்கோ நகரில் உள்ளூர்க்காரர் ஒருவரின் பகலொளி ஸ்ரூடியோவை வாடகைக்கு அமர்த்தி, அங்கு வந்த மக்களைப் படமெடுத்தார். 1950இல் பாரிசின் புதிய ஆடைகளை எடுப்பதற்கும் பழைய கட்டிடமொன்றின் மேல்மாடியில் வடக்கொளி வரும் அறையையே தேர்ந்தார்; பழைய நாடகத் திரையொன்று பின்திரையாயிற்று. வேண்டிய விளக்கெல்லாம் வாங்கத்தக்க சஞ்சிகையின் பணியாளர் சாளர ஒளியையும் கந்தல் திரையையும் நாடியதை ஆடையணிப் படத்தின் வரலாற்றில் ஒரு திருப்பமாக எழுதுகின்றனர். அது தவறன்று. ஆனால் ஒருவருக்கு அழகியல் தெரிவாக இருந்தது மற்றவருக்கு அன்றாடத் தொழில்முறையாக இருந்தது. முன்னையதைக் கலை என்றும் பின்னையதை வறுமை என்றும் பிரிக்கும் அளவுகோல் எதுவெனக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

எனினும் வறுமையே கலையைப் பிறப்பித்தது என்று கூறுவதும் பொருந்தாது. மலிவான நிழலும் ஒற்றை வாய்ப்பும் மேற்கு ஆபிரிக்காவின் எத்தனையோ படப்பிடிப்பாளருக்கு வாய்த்திருந்தன. எல்லாருடைய படங்களும் இவ்வாறில்லை. மேலும் விலைக்கணக்கு மாறியதும் அழகியலும் மாறிற்று. கெயிற்றாவுக்குப் பிந்திய தலைமுறையினரான மலிக் சிடிபே, எளிதிற் கொண்டுசெல்லத்தக்க கமராவோடும் பிளாஷ் விளக்கோடும் 1960களில் பமாக்கோ இளைஞரின் இரவு விருந்துகளுக்குச் சென்றார். அங்கு ஆடை அசைகின்றது, அமர்ந்திருப்பதில்லை. நேரொளியின் தட்டைத்தன்மையே அப்படங்களில் வேகமாகின்றது. மேலே பிளாஷ் பற்றிக் கூறியதை இதனோடு சேர்த்தே வாசிக்கவேண்டும்.

1962இல் கெயிற்றா புதிய அரசின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்டார். பின்னர் ஸ்ரூடியோ மூடப்பட்டது. 1991இல் நியூயோர்க்கில் நடந்த ஆபிரிக்கக் கலைக் கண்காட்சியொன்றில் அவரது படங்கள் சில வைக்கப்பட்டபோது, எடுத்தவர் அறியப்படாதவர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவரோ பமாக்கோவில் உயிரோடிருந்தார். ஆயிரக்கணக்கான நெகற்றிவ்களும் அவரிடம் பத்திரமாக இருந்தன. தேடிச் சென்றோர் அவரைக் கண்டபின், 1994இல் பாரிசின் கார்ட்டியே மன்றத்தில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது. 2001இல் அவர் காலமானார். கண்காட்சிகளுக்கென அப்படங்கள் சுவரளவுக்குப் பெருக்கப்பட்டன. உருப்பெருக்கியின்றி வேலை செய்தவரின் படங்கள் உருப்பெருக்கியின் வழியே புகழ்பெற்றன. பமாக்கோ வீடுகளுக்கு வாடிக்கையாளர் எடுத்துச் சென்றவை 13க்கு 18 அளவான சிறு தாள்கள். அத்தாள்களில் அவர் தமது பெயர் முத்திரையை இட்டே கொடுத்திருந்தார்.