வெருகின் பிணியும் 84 நாட்களும்

தொல்காப்பிய மரபியல் பூனையை மறக்கவில்லை. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப்பெயர் 'குட்டி' என்று அது வகுக்கிறது. வெருகைப் 'பூசை' என வழங்குவதையும் ஏற்கிறது. குறுந்தொகையில் வெருகு கோழியின் பகை. பின்னாளில் தென்கலை வைணவம், குட்டியை வாயில் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையை இறையருளுக்கு உவமையாக்கிற்று. பெயரும் உவமையும் பெற்ற இவ்வுயிர் மருத்துவத்தில் இடம்பெற்ற வரலாறு மட்டும் மிகப் பிந்தியது.

யானைக்குப் பாலகாப்பியர் பெயராலும் குதிரைக்குச் சாலிகோத்திரர் பெயராலும் நூல்கள் உண்டு. மாட்டுக்குத் தமிழிலேயே வாகடங்கள் உண்டு. போரும் உழவும் நம்பியிருந்த விலங்குகள் இவை. ஐரோப்பாவிலும் நிலைமை வேறன்று. ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த இடைக்காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சில்தான் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது. 1761இல் லியோன் நகரில் அதற்கு வழிகோலியவர் கிளாட் பூர்ஷெலா. குதிரையும், கொள்ளைநோயில் மடிந்த மாடுகளுமே அதன் முதற்கவலை. பூனைகளைக் கொல்லும் குடல்நோயொன்று நச்சுயிரியால் வருவது என்பதை வெர்ஜ், கிறிஸ்தொஃபொரோனி என்னும் ஆய்வாளர்கள் காட்டியது 1928இல்தான்.

அதனினும் கொடியது எஃப்.ஐ.பி. என்று மருத்துவர்கள் சுருக்கி வழங்கும் நோய். 1963இல் பாஸ்டன் நகரின் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இதனை விவரித்தார். பூனைகள் நெருங்கி வாழுமிடங்களில் மலத்தின் வழியே பரவும் கொரோனா நச்சுயிரி ஒன்று பெரும்பாலானவற்றில் இலேசான கழிச்சலோடு அடங்கிவிடும். மிகச் சிலவற்றில் மட்டும், பெரிதும் இரண்டு வயதுக்குட்பட்ட குட்டிகளில், உடலுக்குள்ளேயே உருமாறி உயிரைக் குடிக்கும். வயிற்றிலோ மார்பிலோ நீர் கோக்கும். சிலவற்றில் கண்ணையும் மூளையையும் தாக்கும். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நோயின் பெயரே மரண அறிவிப்பாக இருந்தது.

அந்நிலையை மாற்றியவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன். ஜி.எஸ்-441524 என்னும் மருந்தை அவர் குழுவினர் 31 பூனைகளுக்கு அளித்தனர். 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை நிறைவு செய்தன. முடிவுகள் 2019இல் வெளியாயின. மறு ஆண்டே கோவிட் காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட ரெம்டெசிவிர், உடலுக்குள் சென்றபின் இம்மருந்தாகவே மாறுவது. எனினும் பூனைக்கான மருந்தை முறைப்படி பெறும் வழி பிரிட்டனில் 2021இலும் அமெரிக்காவில் 2024இலுமே திறந்தது. அதுவரை பூனை வளர்ப்போர் பலர் கள்ளச்சந்தையையே நாடினர். 2023இல் சைப்ரஸ் தீவில் இந்நோய் பெருகியபோது, மனிதருக்கென வாங்கி எஞ்சியிருந்த கோவிட் மாத்திரைகளை அரசே பூனைகளுக்கு வழங்கியது.

இனிக் காரைக்காலை நோக்குவோம். மீன்பிடித் துறைமுகமும் மீன் அங்காடியும் உள்ள ஊரில் தெருப்பூனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றியப் பகுதியின் கால்நடை மருத்துவக் கல்லூரியோ ஏறத்தாழ 130 கி.மீ. அப்பால், புதுச்சேரிக் குரும்பாபேட்டையில் இருக்கிறது. வயிறு வீங்கிய தெருக்குட்டி ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வருபவர் ஏற்பது சிறு பொறுப்பன்று. வழக்கமான சிகிச்சை 84 நாட்கள். நாள்தோறும் ஊசியோ மாத்திரையோ தரவேண்டும். எடை கூடக்கூட மருந்தின் அளவும் கூடும். அளவு கூடினால் செலவும் கூடும். பின்னர் மேலும் 84 நாட்கள் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க வேண்டும். 'ஒரு தெருப்பூனைக்கா இவ்வளவு?' என்ற கேள்வி அக்கம்பக்கத்திலிருந்து மட்டுமன்றி, செய்பவரின் உள்ளத்திலிருந்தும் எழும்.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. வதைக்காதே என்பது சட்டம். காப்பாற்று என்று ஆணையிட அதனால் இயலாது. அவ்விடைவெளியைத் தனிமனிதர்கள்தாம் நிரப்பி வருகின்றனர்.

மருந்தில்லாத காலத்தில் கைவிட்டவர்களை நாம் குறைகூற முடியாது. அவர்களுக்கு வேறு வழியில்லை. மருந்து வந்துவிட்ட காலத்தில் அக்கேள்வி நம்மிடம் திரும்பியிருக்கிறது. எல்லோராலும் எல்லா உயிரையும் காக்க இயலாது. பொருளுக்கு எல்லை உண்டு. ஆயினும் நோயென்று அறிந்தவுடன் 'இனிப் பிழைக்காது' என்று முடிவு கட்டும் பழக்கத்தையாவது விட்டுவிடலாம். வைணவ உவமையில் தாய்ப்பூனை கவ்விய குட்டி எதிர்ப்பதில்லை. மருந்தூட்டப்படும் தெருப்பூனையோ பிறாண்டும், கடிக்கும். அதன் பிறகும் பற்றிய கையை விடாதிருப்பதே அன்பு என்று நாம் கருதுகிறோம்.