உதயம்பேரூர்ச் சங்கமும் எரியுண்ட நூல்களும்

இன்ன நூலைப் படிக்கலாம், இன்ன நூலைத் தீண்டலாகாது என்று சமயத் தலைவர்கள் தம் மக்களுக்கு விதித்தமைக்கு வரலாற்றிலே சான்றுகள் பல உள. அவற்றுள் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள மலையாள நாட்டிலே நிகழ்ந்தது. கொச்சி நகருக்கு அணித்தேயுள்ள உதயம்பேரூர்த் தேவாலயத்தில், 1599ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆந் திகதி ஒரு சமயச் சங்கம் கூடிற்று. ஏழு நாட்கள் நடைபெற்ற அச்சங்கத்தின் தீர்மானங்களால், ஒரு பழைய கிறித்தவ சமுதாயம் தன் முன்னோர் போற்றிவந்த நூல்களை இழக்க நேர்ந்தது.

அச்சமுதாயத்தினர் தோமையார் கிறித்தவர் எனப்படுவர். இயேசுநாதரின் சீடராகிய தோமையாரே தம் முன்னோருக்குச் சமயம் போதித்தார் என்பது அவர்கள் வழிவழியாகக் கொண்டுள்ள நம்பிக்கை. அவர்கள் பேசியது மலையாளம். வழிபாட்டு மொழியோ சிரிய மொழி. பாரசீகம், மெசொப்பொத்தேமியா ஆகிய நாடுகளிலிருந்த கீழைத் திருச்சபையே அவர்களுக்கு மேற்றிராணிமாரை அனுப்பிவந்தது. ஆறாம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய கோஸ்மாஸ் என்பார், இத்தீவிலும் பாரசீகக் கிறித்தவர் வாழ்ந்தமையைக் குறிப்பிடுகிறார். 1912இல் அநுராதபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட சிலுவைக் கல்லை அவர்களோடு தொடர்புபடுத்துவோர் பலர். இந்துமாக்கடலின் வாணிகப் பாதைகள் வழியே பரவிய அத்திருச்சபையோடு அதன் மறைநூல்களும் செபநூல்களும் மலையாளக் கரைக்கு வந்தன. அவை அங்கேயே படியெடுக்கவும் பட்டன. கொடுங்கல்லூரில் 1301ஆம் ஆண்டிலே எழுதப்பட்ட சிரிய மொழிக் கையெழுத்து நூல் ஒன்று இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளது.

1498இல் போர்த்துக்கேயர் வந்தபின், இருசாராரும் ஒருவரையொருவர் கிறித்தவர் என்றே வரவேற்றனர். ஆயின் கலந்து பழகியபின் வேற்றுமைகள் புலனாயின. கி.பி. 431இல் கூடிய எபேசு சங்கம், நெஸ்தோரியு என்பாரைப் பேதகர் எனத் தள்ளியது. மரியன்னையைத் தேவமாதா என அழைப்பதினும் கிறிஸ்துவின் தாய் என அழைப்பதே பொருந்தும் என்று அவர் கூறியமை பிணக்குக்கு ஒரு காரணம். கீழைத் திருச்சபையோ அவரைத் தன் ஆசிரியருள் ஒருவராகக் கொண்டாடியது. மலையாள நாட்டுப் பூசை நூல்களிலும் அவர் பெயர் வணக்கத்துடன் இடம்பெற்றிருந்தது. உரோமைக் குருமார் கண்களுக்கு இது பேதகமாகவே தோன்றிற்று.

அக்காலத்து ஐரோப்பாவின் நிலையையும் இங்கே நோக்குதல் வேண்டும். உலூதரின் எதிர்ப்பு இயக்கத்தினாலும் அச்சு இயந்திரத்தினாலும் கலக்கமுற்ற திருச்சபை, நூல்களைக் கண்காணிக்கத் தலைப்பட்டது. 1559இல் பாப்பரசர் நான்காம் பவுல் தடைநூற் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். திரெந்து சங்கத்தின் பின்னர், 1564இல், விதிமுறைகளுடன் கூடிய புதிய பட்டியல் ஒன்று வெளிவந்தது. பிழையுள்ள நூலைத் திருத்தலாம். திருத்தவியலாததை அழித்துவிடவேண்டும் என்ற முறை அதனால் வலுப்பெற்றது. கோவாவிலே 1560 முதல் சமய விசாரணை மன்றமும் இயங்கியது.

ஆயினும் அதே திருச்சபையின் பணியை ஒரு பக்கமாக மட்டும் நோக்குதல் முறையன்று. 1578இல், அதே கரையிலுள்ள கொல்லத்திலே, என்றீக்கு என்றீக்கசு பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சேற்றினார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்திலே அச்சான முதல் நூல் அதுவே. ஒருபுறம் நூலை ஆக்கியும் மறுபுறம் நூலை அழித்தும் நின்ற ஒரு காலம் அது.

1597இல் தோமையார் கிறித்தவரின் மேற்றிராணியாராகிய மார் ஆபிரகாம் காலமானார். அடுத்தவர் கீழைநாட்டிலிருந்து வருமுன் அச்சமுதாயத்தைத் தம் ஆட்சியின்கீழ்க் கொணர விரும்பிய கோவாவின் அதிமேற்றிராணியார் அலெக்சிஸ் மெனேசிஸ், 1599ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலையாள நாட்டுக்கு நேரே வந்தார். ஊரூராகச் சென்று போதித்தார். பலருக்குப் புதிதாகக் குருப்பட்டம் அளித்தார். சமுதாயத் தலைவராயிருந்த கீவர்கீசு என்னும் குருமுதல்வர் முதலில் எதிர்த்து நின்று, ஈற்றில் பணிந்தார். உதயம்பேரூர்ச் சங்கத்திலே குருமாரும் தியாக்கோன்மாரும் நூற்றைம்பதின்மருக்கு மேலும், ஊர்ப் பிரதிநிதிகள் ஏறத்தாழ 660 பேரும் கூடினர். எனினும் தீர்மானங்கள் முன்னதாகவே போர்த்துக்கேய மொழியில் வரையப்பட்டவை. அவை மலையாளத்திலே பெயர்த்து வாசிக்கப்பட்டன; சபையோர் ஒப்பமிட்டனர்.

மூன்றாம் அமர்வின் தீர்மானங்களுள் ஒன்று, விலக்கவேண்டிய நூல்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இரட்சகரின் குழந்தைப் பருவத்தைக் கூறும் நூல், பிதாக்களின் நூல், சங்கங்களின் நூல், ‘விசுவாசத்தின் முத்து’ எனப்பட்ட நூல் முதலியன அதிலே உள. இறையியல் நூல்களோடு, பாரசீக மருத்துவம் பற்றிய நூல் ஒன்றும் மந்திரவித்தை கலந்தது என்று விலக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் காணப்பட்ட குற்றம் இன்னது என்ற குறிப்பும் உண்டு. இவற்றைப் படித்தலும் வைத்திருத்தலும் சபை விலக்குக்குரிய குற்றமாயின. பிற சிரிய மொழி நூல்கள் அனைத்தும் இரண்டு மாதங்களுள் ஒப்படைக்கப்படல் வேண்டும். அம்மொழி வல்ல யேசுசபைக் குருவாகிய பிரான்சிஸ்கு உறோஸ் அவற்றைத் திருத்துவார் எனவும் விதிக்கப்பட்டது. பின்னர் மெனேசிஸ் கோவில்தோறும் சென்றபோது, ஏடுகள் அவர் முன் கொணரப்பட்டன. சிலவற்றிலே பெயர்களும் வரிகளும் அழிக்கப்பட்டன. சில நெருப்பில் இடப்பட்டன.

எல்லா நூல்களும் எரிந்தொழிந்தன என்று கூறல் மிகையாகும். திருத்தப்பட்டு எஞ்சியவையும், மறைத்துக் காக்கப்பட்டவையும் உண்டு. எனினும் 1599க்கு முற்பட்ட மலையாள நாட்டுச் சிரிய ஏடுகள் இன்று மிகச் சிலவே கிடைக்கின்றன. ஒரு சமுதாயத்தின் பழைய வரலாற்றை அதன் சொந்த எழுத்துக்கொண்டு ஆராய விழைவோர், பெரும்பாலும் அயலார் எழுதிய குறிப்புகளையே நாடவேண்டியுள்ளது. இவ்விழப்பு ஈடுசெய்ய முடியாதது.

ஒற்றுமையை நாடிச் செய்த இக்காரியம் ஒற்றுமையைத் தந்ததா? உறோஸ் பாதிரியாரே மேற்றிராணியாராயினார். அவருக்குப் பின்னும் யேசுசபையினரே அப்பதவியில் அமர்ந்தனர். உள்ளே கனன்ற மனக்குறை 1653ஆம் ஆண்டு யனவரி 3ஆந் திகதி வெளிப்பட்டது. கீழைநாட்டிலிருந்து வந்த அகத்தல்லா என்னும் மேற்றிராணியாரைப் போர்த்துக்கேயர் தடுத்துக் கப்பலேற்றிய செய்தி கேட்டு, பெருந்திரளான மக்கள் மட்டாஞ்சேரியிலே கூடி, யேசுசபை மேற்றிராணியாருக்கு இனிப் பணியோம் என ஆணையிட்டனர். இது கூனன் சிலுவைச் சத்தியம் எனப்படும். அதன் பின்னர் ஒரு பிரிவினர் உரோமையுடன் மீண்டும் இணைந்தனர். மற்றொரு பிரிவினர் அந்தியோக்கியச் சிரிய திருச்சபையுடன் உறவு பூண்டனர். அன்று பிளவுண்ட சமுதாயம் இன்றும் ஒன்றாகவில்லை.

காலம் இத்தீர்ப்புகளைத் தானே மாற்றி எழுதியது. உதயம்பேரூரில் விலக்கப்பட்ட ‘விசுவாசத்தின் முத்து’, நிசிபி நகரத்து மேற்றிராணியார் அப்தீசோ இயற்றியது; அந்நூல் 1838இல் உரோமாபுரியிலேயே இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. கீழைத் திருச்சபைகள் தத்தம் மரபைப் பேணிக் காத்தல் வேண்டும் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1966இல் தடைநூற் பட்டியலும் தன் சட்ட வலிமையை இழந்தது. 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கீழைத் திருச்சபையின் முதல்வர் நான்காம் மார் தின்காவும் கூட்டறிக்கை ஒன்றிலே ஒப்பமிட்டனர். தேவமாதா என்பதும் கிறிஸ்துவின் தாய் என்பதும் ஒரே விசுவாசத்தைக் கூறும் முறைகளே என்று அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. எதன்பொருட்டு நூல்கள் குற்றஞ்சாட்டப்பட்டனவோ, அதன் ஒரு பகுதி இவ்வாறு குற்றமற்றதாயிற்று. ஆனால் எரிந்த ஏடுகள் மீளவில்லை.

உதயம்பேரூர்த் தீர்மானங்கள் 1606இல் போர்த்துக்கல் நாட்டுக் கொயிம்பிரா நகரிலே அச்சேறின. அந்நாளில் மலையாள நாட்டுக் கிறித்தவர் எந்நூல்களைப் படித்தனர் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர், அந்நூல்களை ஒழிக்க எழுதிய அப்பட்டியலையே முதன்மைச் சான்றாகக் கொள்ளுகின்றனர். மறக்கப்படவேண்டும் என்று எழுதப்பட்ட பெயர்களை அத்தீர்மானமே நமக்குக் காத்துத் தந்துள்ளது.