உழைப்பு நீங்கிய உடல்

நீரிழிவு செல்வர்க்கு உரிய நோய் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று அது தோட்டத் தொழிலாளியின் மகனையும் பற்றிக்கொண்டது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு அப்போது நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. இளைஞரிடையே அந்நோயைக் காணும்போது, "இக்காலப் பிள்ளைகள் சோம்பேறிகள்" என்று பழிப்போர் பலர். வரலாறு காட்டும் காரணமோ அதனினும் ஆழமானது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். அவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பசி அப்பஞ்சத்தோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. நம் முன்னோரை மலாயாவுக்குக் கப்பலேற்றிய காரணங்களுள் அவ்வறுமையே தலையாயது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய இக்கேமரன் மலைச் சரிவுகளில் உழைத்தோருள் அவர்தம் வழியினர் பலர்.

தாயின் பசி பிள்ளையின் உடலில் தங்குமோ? தங்கும் என்பது ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1992இல் வெளியிட்ட கருத்து. கருவில் ஊட்டம் குறைந்த உடல் சிக்கனமாக வாழப் பழகுகிறது. பின்னாளில் உணவு மிகும்போது சர்க்கரையை ஆள இயலாது தடுமாறுகிறது என்பர். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அப்பகுதிக் கிராமக் குழந்தைகளின் பிறப்பெடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆயினும் எடை குறைந்த அளவுக்குக் கொழுப்புக் குறையவில்லை, குறைந்தது தசையே.

உண்டபின் குருதியில் சேரும் சர்க்கரையின் பெரும் பங்கை ஏற்பது தசை. இயங்கும் தசை இன்சுலின் துணையின்றியும் அதனை ஈர்க்க வல்லது. எனவே கூடை சுமந்து சரிவேறியவர்க்கு அவ்வுழைப்பே ஒரு காவலாயிற்று எனலாம். அதனால் அக்காலம் பொற்காலம் ஆகிவிடாது. மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் எத்தனையோ பேரை மாய்த்தன.

பின்னர்க் காலம் மாறியது. கொழுந்து பறிக்கும் விரலுக்குப் பதிலாகக் கத்தரியும் பொறியும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணம் சென்று லாரி ஓட்டுநராகவும் காவலராகவும் அமர்ந்தனர். உழைப்புக் குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை, கெட்டிப்பால் தேநீரும் கூடியது.

அமர்ந்த வேலையின் தீங்கை இலண்டன் நகரமும் கண்டது. அங்கே மாடிப் பேருந்தின் படிகளில் நாள் முழுதும் ஏறியிறங்கிய நடத்துநரைவிட, அமர்ந்திருந்த ஓட்டுநர்க்கே இதயநோய் மிகுதி என 1953இல் மாரிஸ் என்னும் மருத்துவர் காட்டினார். 1956இல் சீருடை அளவுகளை ஒப்பிட்டபோது, ஓட்டுநரின் இடுப்பளவே பெரிதாயிருந்தது.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் முதற் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அளவின் மிகுதலும் குறைதலும் உணவுக்கு மட்டுமன்றிச் செயலுக்கும் உரியன எனக் கொண்டார். நாம் உணவை மட்டும் நினைத்துச் செயலை மறந்தோம்.

ஆதலின் ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. மெலிந்த மாணவனுக்கு இந்நோய் வாராது என்று அமைதல் தவறு. பருத்தவனை எள்ளுதல் அதனினும் தவறு. வளரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேர்வு நெருங்கும்போது முதலில் பலியாவது உடற்கல்வி நேரமே. அதனைக் காப்போம். சடுகுடுவும் சிலம்பமும் மாலைத் திடலுக்குத் திரும்பட்டும். பள்ளி விட்டுச் சென்ற இளைஞர்க்கு, ஆடவர் இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டரை எட்டினால் குருதிச் சோதனை வேண்டும் என்று எடுத்துரைப்போம். மலைச்சரிவு வலிந்து வாங்கிய உழைப்பை, இனிப் பள்ளித் திடல் மகிழ்வோடு கற்பிக்கட்டும்.